பலாலியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?

பலாலி விமான நிலையத்துக்கும் சென்னை விமான நிலையத்துக்கும் இடையேயுள்ள ஆகாய தூரம் ஏறக்குறைய 355 கிலோ மீற்றர். பலாலியிலிருந்து இரத்மலானை 330 கிலோ மீற்றர். யாழ்ப்பாணத்தவனுக்குக் கொழும்பும் சென்னையும் ஏறத்தாழ ஒரே தொலைவே. திருச்சிராப்பள்ளியோ இன்னும் அண்மையது. 185 கிலோ மீற்றர்தான். இது இயற்கை வகுத்த கணக்கு. எந்தச் சட்டமும் இதனை மாற்றமாட்டாது.

பிரயாண நேரம் அத்தகையதன்று. அதனை வகுப்போர் ஆட்சியாளர். பலாலியின் கதவு திறந்திருக்கும்போது, சிறிய சுழல்விசிறி விமானம் ஏறக்குறைய ஒன்றேகால் மணித்தியாலத்தில் சென்னையை அடைகின்றது. கதவு மூடப்பட்டால், யாழ்ப்பாணத்து நோயாளியும் மாணவனும் வணிகனும் ஓர் இரவு முழுவதும் தெற்கே பிரயாணஞ் செய்து கட்டுநாயக்காவை அடையவேண்டும். அங்கிருந்து சென்னைக்கு 640 கிலோ மீற்றர். தேசப்படத்தில் அவ்விரு நிலையங்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு யாழ்ப்பாண நகரை ஒட்டியே செல்லும்! விமானம் ஏறுவதற்காகத் தெற்கே போனவன், தன் வீட்டுக் கூரைக்கு மேலாக வடக்கே திரும்பிப் பறக்கின்றான். இந்த வீண் அலைச்சலுக்கு யார் பொறுப்பு?

நாம் புதிதாக எதனையும் கேட்கவில்லை. 1947 டிசம்பர் 10ஆந் திகதி எயர் சிலோன் தனது முதற் பயணத்தை இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னைக்கு நடத்தியது. நாட்டின் சொந்த விமான சேவை பிறந்த அன்றே வடபுலத்து மண்ணைத் தொட்டது. பின்னர் போர் வந்தது, மார்க்கம் அற்றுப்போயிற்று. 2019 ஒக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை ஆரம்பமாயிற்று. சில மாதங்களிலேயே கொள்ளைநோய் அதனை நிறுத்தியது. அதற்காக எவரையும் நாம் குறைகூறோம். ஆனால், 2021 ஜனவரியில் உல்லாசப் பிரயாணிகளுக்காகக் கட்டுநாயக்கா மீண்டும் திறக்கப்பட்டது. சென்னை விமானம் பலாலிக்குத் திரும்பியதோ 2022 டிசம்பரில். இந்த இரண்டாண்டுத் தாமதத்தையும் நோயின் தலையிலே சுமத்தலாமா?

2025 மார்ச்சில் திருச்சிச் சேவையும் தொடங்கியது. அதனை வரவேற்கின்றோம். எனினும், நினைத்தபோது திறந்து நினைத்தபோது மூடும் படலையாக ஒரு விமான நிலையம் இருத்தலாகாது. ஒழுங்கான சேவையும், ஏழை எளியவரும் ஏறக்கூடிய கட்டணமும் வேண்டும். பெரிய விமானங்கள் இறங்குவதற்கு ஓடுபாதை நீளவும் வேண்டும். ஆனால், 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட மக்களின் காணிகளை விழுங்கி அது நீளலாகாது. காணிக்கு உரியவனின் சம்மதமும் அவனுக்குரிய நட்டஈடும் முதலில், ஓடுபாதை பின்னர். தன் நிலத்தை இழந்தவனுக்கு, அந்நிலத்திலிருந்து எழும் விமானத்தால் என்ன பயன்?

தூரத்தைக் குறைத்துத் தருமாறு நாம் எவரிடமும் இரக்கவில்லை. இயற்கை அருகில் வைத்ததைத் தூரமாக்காதீர்கள் என்றே கேட்கின்றோம்.