அல்லி தர்பார்

பெண்ணின் கை ஓங்கிய வீட்டையும் அலுவலகத்தையும் கேலி செய்யத் தமிழில் ஒரு சொல் உண்டு: அல்லி தர்பார். 'அல்லி ராஜ்ஜியம்' என்றும் சொல்வதுண்டு. இந்தச் சொல் தெரிந்த பலருக்கும் அல்லி யார், அவள் தர்பாரில் என்ன நடந்தது என்பது தெரியாது.

அவள் கதையைச் சொல்வது 'அல்லி அரசாணி மாலை' என்ற கதைப்பாடல். நளவெண்பா பாடிய புகழேந்திப் புலவர் பெயரில் அச்சாகி வந்தாலும், அதன் மொழிநடை அவர் காலத்துக்கு வெகுவாகப் பிந்தியது. வாய்வழியாகப் புழங்கிய கதை, பெரிய புலவர் ஒருவரின் பெயரில் அடைக்கலம் புகுந்திருக்க வேண்டும். 'பெரிய எழுத்து' வரிசைப் புத்தகமாக இது திருவிழாக் கடைகளில் விற்றது. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் பார்வை மங்கியவருக்கும் அந்தப் பருத்த எழுத்து தோதாக இருந்தது. ஒருவர் ராகம் போட்டு வாசிப்பார். மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

பிள்ளையில்லாத பாண்டியனுக்கு அல்லிப் பூவில் கிடைத்த குழந்தை அவள். கல்வியோடு வாளும் வில்லும் பழகுகிறாள். அரியணையைப் பறித்துக்கொண்டவனை இளம் வயதிலேயே போரில் கொன்று மதுரையை மீட்கிறாள். அதன்பின் அவள் அமைக்கும் ஆட்சிதான் கதையின் உச்சம். வாயில் காப்பவள் பெண், ஆலோசனை சொல்பவள் பெண், படை நடத்துபவளும் பெண். ஆண் வாடையே படாத அரண்மனை. கல்யாணம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

தீர்த்த யாத்திரை வந்த அர்ச்சுனன் அவளைப் பற்றிக் கேள்விப்பட்டு மயங்குகிறான். அவள் இணங்கவில்லை. பிறகு கண்ணன் துணைக்கு வருகிறான். கண்ணன் பாம்பாட்டி வேடம் போட, அர்ச்சுனன் பாம்பாகி அவள் பள்ளியறைக்குள் புகுந்து, தூங்குகிறவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறான். கண்விழித்தவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக் கொதிக்கிறாள். கடைசியில் கண்ணன் நினைத்ததே நடந்து, புலந்திரன் என்ற மகனும் பிறக்கிறான். காண்டீபம் ஏந்திய கையால் நேருக்கு நேர் ஆகாததை ஒரு பாம்பு முடித்துவைத்தது என்று சொல்லக் கதைக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை. பாடியவருக்கு அனுதாபம் எந்தப் பக்கம் என்பதில் சந்தேகம் எழுவதும் இதனால்தான்.

அல்லிக்கு மூலம் மகாபாரதத்துச் சித்திராங்கதை என்பார்கள். வில்லிபுத்தூரார் பாரதத்தில் அவள் பாண்டியன் மகள். பாரதக் கதையில் அந்தத் திருமணம் ஒழுங்காக நடக்கிறது: அர்ச்சுனன் பெண் கேட்கிறான், பிறக்கும் மகன் தன் குலத்துக்கே வாரிசு என்ற நிபந்தனையோடு தந்தை கொடுக்கிறார். கதைப்பாடல் பேரம் பேசும் அந்தத் தந்தையை விலக்கிவிட்டு மகளையே சிம்மாசனத்தில் உட்காரவைத்தது. பெண் கேட்க ஆளில்லை, கேட்டாலும் அவள் தரமாட்டாள். பாம்பு தேவைப்பட்டது இங்கேதான்.

மதுரைக்குப் பெண்ணரசு புதிதல்ல. பாண்டையா என்ற ஹெராக்ளிஸின் மகள் ஆண்ட நாட்டைப் பற்றி மெகஸ்தனிஸ் எழுதியதைப் பலர் பாண்டிய நாட்டோடு சேர்த்துப் பேசுவதுண்டு. மீனாட்சியின் கதை இன்னும் நெருக்கம். தடாதகையாக முடிசூடித் திசையெல்லாம் வென்றவள், கயிலையில் சிவனைக் கண்டதும் நாணுகிறாள். அவளுக்கிருந்த மூன்றாவது தனம் மறைகிறது. சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், பத்தாம் நாள் திருக்கல்யாணம் என்று அந்தக் கதை ஆண்டுதோறும் வீதிகளில் நடக்கிறது. கல்யாணத்துக்குப் பிறகும் மீனாட்சியின் கையில் செங்கோல் இருக்கிறது. சித்திரை முதல் நான்கு மாதம் அவள் ஆட்சி என்பது ஊர் வழக்கு. மனைவி ஆட்சியா, கணவன் ஆட்சியா என்ற பொருளில் "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று கேட்பவர் சிரித்துக்கொண்டே கேட்கிறார், மதுரை என்று பதில் சொல்லும் கணவனும் சிரிக்கிறான். அல்லியின் பெயரைச் சொல்லும்போது அந்தச் சிரிப்பில் முள் இருக்கும். மீனாட்சி விரும்பி மணந்தாள், அல்லி விரும்பவில்லை. இரண்டு சொல்வழக்குக்கும் இடையே உள்ள தூரம் இவ்வளவே.

இலங்கையின் மேற்குக் கரையில், வில்பத்துக் காட்டை ஒட்டிக் கடலைப் பார்த்து நிற்கும் குதிரைமலையிலும் அல்லியின் அரண்மனை இருந்ததாக ஐதிகம் உண்டு. முத்துக் குளித்த கரை அது, முத்துக்கு விலை வைத்தவளாக அங்கே அவளைச் சொல்கிறார்கள்.

அல்லி அதிகம் வாழ்ந்தது மேடையில். சங்கரதாஸ் சுவாமிகள் 'அல்லி அர்ஜுனா', 'பவளக்கொடி' இரண்டையும் நாடகமாக்கினார். புலந்திரன் விளையாடப் பவளத்தேர் கேட்க, தேடிப் போன அர்ச்சுனன் பவளக்கொடியையும் மணப்பதுதான் இரண்டாவது கதை. 1934இல் அது எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்த படமாகவும் வந்தது. தென்மாவட்டக் கோயில் கொடைகளில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்துக்கு ஒத்திகை கிடையாது. வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் நடிகர்கள் அன்றைக்குத்தான் மேடையில் சந்திப்பார்கள். பாட்டு தெரிந்தால் மட்டும் போதாது; எதிராளி என்ன கேட்பான் என்று தெரியாமலே தர்க்கத்துக்கு நிற்க வேண்டும். அல்லி வேடம் கட்டியவள் பதில் இல்லாமல் நின்றால் கூட்டம் விடாது. அதனால் தூக்கத்தில் தாலி ஏறியவள் அங்கே விழித்த கண்ணோடு நின்று, ஹார்மோனியக்காரர் சுருதி பிடித்துக் காத்திருக்க, அர்ச்சுனனைக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்கிறாள்.