மறதிக்கு ஒரு நிலையம்: சார்க் பொதுச் செயலாளருக்குத் திறந்த மடல்

தெற்காசியப் பிராந்திய ஒத்துழைப்புக் கூட்டமைப்பான சார்க்கின் பொதுச் செயலாளர் அவர்களுக்கு,

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அமைப்பின் சுகாதாரத் தொழில்நுட்பக் குழு அடுத்த முறை கூடும்போது, டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோயைத் தனிப் பொருளாக நிகழ்ச்சி நிரலில் சேர்க்க வேண்டும். காசநோய்க்காக எட்டு நாடுகளும் சேர்ந்து நடத்தும் நிலையத்தைப் போல, இந்த நோய்க்கும் ஒரு பொது அமைப்பை உருவாக்கும் வேலையை அங்கிருந்து தொடங்க வேண்டும்.

2014-இல் காத்மாண்டுவில் கூடியதற்குப் பிறகு தலைவர்கள் மாநாடே நடக்காத ஓர் அமைப்பிடம் போய் இதைக் கேட்கிறாயே என்று நண்பர்கள் சொன்னார்கள். காசநோய் நிலையத்தை மனத்தில் வைத்துத்தான் கேட்கிறேன். 1992-இல் உங்கள் தலைமையகத்துக்குப் பக்கத்திலேயே, காத்மாண்டுப் பள்ளத்தாக்கில், சார்க் காசநோய் நிலையம் தொடங்கப்பட்டது. பின்னால் எச்.ஐ.வி.யும் அதன் பொறுப்பில் சேர்ந்தது. மாநாடுகள் தள்ளிப்போன ஆண்டுகளிலும் நிலையம் இருந்தது. உறுப்பு நாடுகளின் ஆய்வகப் பணியாளர்களும் மருத்துவ அலுவலர்களும் ஒரே இடத்தில் பயிற்சி பெறலாம், ஒரே முறையில் கணக்கெடுக்கலாம் என்பதற்கு அது சாட்சி. அரசியல் பேச்சு நின்றபோதும் வேலை நடந்த இடம் அது.

நோயின் அளவைப் பார்ப்போம். லாசி-டாட் என்ற ஆய்வு இந்தியா முழுக்க முதியோரை நேரில் சோதித்து 2023-இல் முடிவை வெளியிட்டது. அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருக்கிறது என்றது. ஆண்களைவிடப் பெண்களுக்கும், நகரத்தைவிடக் கிராமத்தவருக்கும் அதிகம். இது இந்தியாவின் கதை மட்டுமல்ல, தெற்காசியாவில் மிக வேகமாக முதுமை அடையும் நாடு இலங்கை. உலகம் முழுவதும் உள்ள டிமென்ஷியா நோயாளிகளில் 60 சதவீதத்துக்கும் மேலானவர்கள் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த நோயால் உலகுக்கு ஆகும் செலவில் ஏறத்தாழப் பாதி, வீட்டில் இருப்பவர்கள் சம்பளமில்லாமல் செய்யும் பராமரிப்பின் மதிப்பு.

நம் பகுதிக்கு இதில் ஒரு வரலாற்று உரிமையும் உண்டு. 1998-இல் கொச்சியில் அல்சைமர் அமைப்புகளின் பன்னாட்டு மாநாடு நடந்தது. டிமென்ஷியா நோயாளிகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 66 சதவீதம், வளரும் நாடுகளில் இருக்க, மக்களிடையே நடக்கும் ஆய்வுகளில் 10 சதவீதம்கூட அங்கே நடப்பதில்லை என்ற குறை அங்கே பேசப்பட்டது. அந்த இரண்டு எண்களையே பெயராகச் சூட்டிக்கொண்டு 10/66 ஆய்வுக் குழு பிறந்தது. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் மார்ட்டின் பிரின்ஸ் அதை ஒருங்கிணைத்தார். கியூபா, டொமினிகன் குடியரசு, பெரு, வெனிசுவேலா, மெக்சிகோ, சீனா, இந்தியா என்று நாடு நாடாக, வீடு வீடாகப் போய் ஒரே கேள்விகளைக் கேட்டார்கள். இந்தியாவில் சென்னை நகரமும் வேலூர் கிராமங்களும் களமாயின.

வேலூரில் கிடைத்த முடிவை நீங்கள் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டு விதிப்படி எண்ணியபோது அந்தக் கிராமங்களில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் நோயாளிகள் வெறும் 0.3 சதவீதம். அதே மக்களை 10/66 குழு தன் முறையில் எண்ணியபோது 10 சதவீதத்தை ஒட்டி வந்தது. அந்தக் கையேட்டின்படி, நோயால் அன்றாட வாழ்க்கை கெட்டிருக்க வேண்டும், கணக்கெடுப்பில் அதைக் குடும்பம்தான் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் வயதானவர்களிடம் யாரும் வேலை எதிர்பார்ப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருந்தால் போதும், சோறு வரும். கணக்குத் தப்பினாலும் பேர் மறந்தாலும் ‘வயசானா இப்படித்தான்’ என்று முடித்துவிடுகிறோம். எதுவும் கெடவில்லை என்றே குடும்பம் பதில் சொல்கிறது, நோயாளி கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார். இந்த வழக்கம் வேலூருக்கு மட்டும் உரியதா? சில்ஹெட்டிலும் முல்தானிலும் குருநாகலிலும் முதியவர்களை இப்படித்தானே வைத்திருக்கிறோம்! ஆனால் முதல் சுற்றில் ஆசியாவில் அந்தக் கணக்கெடுப்பு நடந்தது இந்தியாவிலும் சீனாவிலும்தான். பக்கத்து நாடுகளின் கிராமங்கள் அதில் இல்லை.

நினைவாற்றலைச் சோதிக்கும் தாளின் கதையும் இதுதான். உலகெங்கும் பரவிய பழைய சோதனை ஒன்று, ஆங்கிலச் சொல் ஒன்றைத் தலைகீழாக எழுத்துக்கூட்டச் சொல்லும், ஒரு வாக்கியம் எழுதச் சொல்லும், தாளில் உள்ளதைப் படித்து அதன்படி செய்யச் சொல்லும். பள்ளிக்கூடம் போகாதவர் நோயில்லாமலே அதில் தோற்பார். ஹரியானாவின் பல்லப்கட் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் இதை உணர்ந்து இந்தியில் மாற்றி அமைத்தார்கள். எழுத்துக்கூட்டுவதற்குப் பதில் கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னார்கள். வாக்கியம் எழுதுவதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்றார்கள். தாளில் உள்ளதைப் படித்துக் கண்ணை மூடுவதற்குப் பதில், என்னைப் பார்த்து நான் செய்கிறபடி செய்யுங்கள் என்றார்கள். எளிய மாற்றம்தான், ஆனால் அந்த ஊர்களில் வாழ்ந்து பார்த்தவர்களால் மட்டுமே செய்ய முடிந்த மாற்றம்.

என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மருத்துவமனையில் ‘இன்னிக்கு என்ன தேதி?’ என்று கேட்டபோது, ‘ஆடி பொறந்து நாலாம் நாள், வெள்ளிக்கிழமை’ என்றார். நாள்காட்டியில் தமிழ்த் தேதி அதுவேதான். தாளில் ஜூலைக்குத்தான் கட்டம் இருந்தது, மதிப்பெண் போடவில்லை. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்றார்கள், விழித்தார். அவர் உண்மையில் என்ன இழந்திருந்தார் என்பதை அந்தத் தாள் கேட்கவே இல்லை. வாழ்நாளெல்லாம் மனக்கணக்காகப் பால் கணக்கு வைத்திருந்தவர் பால்காரரிடம் ஒரே நாளில் இருமுறை பணம் கொடுக்கத் தொடங்கியிருந்தார். குழம்பில் உப்பு இரண்டு தடவை விழுந்தது. தெரிந்ததற்கு மதிப்பெண் இல்லை, தொலைந்ததைப் பற்றிக் கேள்வி இல்லை. நோய் உறுதியாகும்போது அவருக்கு என்னையே அடையாளம் தெரியவில்லை.

நம் மொழிகளில் போதிய சோதனைகள் இல்லாத குறையைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மருத்துவமனைகளைச் சேர்த்து ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்கி 2020-இல் வெளியிட்டது. இந்தி, வங்காளம், தெலுங்கு, கன்னடம், மலையாளம் என ஐந்து மொழிகளில் அது சரிபார்க்கப்பட்டது. தமிழ் அந்த ஐந்தில் இல்லை என்பது எனக்கு வருத்தம். ஆனால் உங்களிடம் சொல்ல வேண்டியது வேறு. கொல்கத்தாவில் சரிபார்த்த வங்காளச் சோதனையை டாக்காவுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ள எவ்வளவு உழைப்பு மிச்சமாகும்! லாகூருக்குத் தேவைப்படும் உருதுச் சோதனை லக்னோவுக்கும் ஹைதராபாத்துக்கும் தேவை. பஞ்சாபி இரண்டு பஞ்சாபுகளுக்கும் பொது. நேபாளி டார்ஜீலிங்கிலும் சிக்கிமிலும் வீட்டு மொழி. தமிழில் ஒன்றைச் செய்தால் மதுரைக்கு மட்டுமா உதவும்? யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகத் தோட்டங்கள் மூன்றுக்கும் அவரவர் வழக்குக்கேற்ற திருத்தத்தோடு உதவும். நம் மொழிகள் எல்லைகளை அறியா. ஆய்வுகள்தான் எல்லையில் நின்றுவிடுகின்றன. ஒரே மொழிக்கு இரண்டு நாடுகள் தனித்தனியாகப் பணம் செலவழிப்பதும், அல்லது இரண்டுமே செலவழிக்காமல் விடுவதும், ஏழை நாடுகள் செய்யக்கூடாத ஊதாரித்தனம்.

பராமரிப்புக்கு வருகிறேன். நோய் தெரிந்த பிறகு நம் குடும்பங்களுக்குக் கிடைப்பது ஒரு மருந்துச் சீட்டு. இரவில் எழுந்து தெருவில் இறங்குபவரை என்ன செய்வது, திருடிவிட்டாய் என்று கத்துபவரிடம் எப்படிப் பேசுவது, குளிக்க மறுப்பவரை எப்படிக் குளிப்பாட்டுவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. பெரும்பாலும் இந்தச் சுமை மருமகள் அல்லது மகள் தலையில் விழுகிறது. கோவாவில் அமித் டயஸும் கூட்டாளிகளும் 81 குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி கொடுத்து, வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் நோயைப் பற்றி விளக்கினார்கள், பராமரிப்பவரின் குறையைக் காதுகொடுத்துக் கேட்டார்கள், அரசின் உதவித்தொகைக்கு வழிகாட்டினார்கள், தேவைப்பட்டபோது மருத்துவரிடம் அனுப்பினார்கள். பராமரிப்பவர்களின் மன உளைச்சல் குறைந்தது. ஆஷா எனப்படும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கும் இந்தியாவிலும், பெண் தன்னார்வச் சுகாதாரப் பணியாளர்கள் இருக்கும் நேபாளத்திலும், பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஊர் ஊராகச் செல்லும் பாகிஸ்தானிலும், குடும்பநல மருத்துவ மாதர் வீடு தேடி வரும் இலங்கையிலும் இதைச் செய்ய முடியாதா? ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏற்கெனவே பாரம் சுமக்கும் இந்தப் பெண்களிடம் கூலியில்லாமல் இன்னொரு பாரத்தை ஏற்றினால் திட்டம் தோற்கும். கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியம் என்பது முதல் வரியிலேயே இருக்கட்டும்.

அனுபவம் உள்ளவர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. டாக்டர் ஜேக்கப் ராய் 1992-இல் கேரளத்தில் தொடங்கிய இந்திய அல்சைமர் சங்கம், கொழும்பில் இயங்கும் லங்கா அல்சைமர் அறக்கட்டளை, வங்கதேசம், நேபாளம், பாகிஸ்தான் நாடுகளின் சங்கங்கள் எல்லாம் நன்கொடையையும் நல்ல மனத்தையும் நம்பி நடப்பவை. இவர்களை ஒரே மேசையில் உட்காரவைக்கும் அரசுக் கை எதுவும் இல்லை. அந்தக் கை உங்களுடையதாக இருக்கலாம்.

காசநோயும் டெங்குவும் குழந்தைகளின் ஊட்டக்குறைவும் இருக்கும்போது இது அவசரமா என்று உங்கள் குழுவில் ஒருவர் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் பதினான்கு காரணிகளைப் பட்டியலிட்டு, அவற்றைச் சரிசெய்தால் ஏறத்தாழ 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. சிறுவயதில் பள்ளிப் படிப்பு இல்லாமை, உயர் ரத்த அழுத்தம், நீரிழிவு, காது கேளாமை, காற்று மாசு ஆகியவை அதில் உண்டு. பெண்பிள்ளைகளைப் படிக்கவைப்பதும் ரத்த அழுத்த மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் தட்டுப்பாடின்றித் தருவதும் நம் அரசுகள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்ட வேலைகள். காற்று மாசோ எந்த நாடும் தனியாகத் தீர்க்க முடியாதது. 1998-லேயே தெற்காசிய நாடுகள் மாலேயில் அதற்கென ஒரு கூட்டுப் பிரகடனம் செய்தன. மேலைநாடுகளில் வந்திருக்கும் புதிய ஊசி மருந்துகளை வாங்கித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. அவற்றின் விலையும், அவற்றுக்கு முன்னும் பின்னும் தேவைப்படும் ஸ்கேன்களும் நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு எட்டாதவை.

உங்கள் சாசனமும் இதற்கு இடம் தருகிறது. இருநாட்டுப் பிணக்குகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேசக்கூடாது என்று பத்தாம் பிரிவு சொல்கிறது. முதுமை மறதியில் என்ன பிணக்கு? எட்டு நாடுகளும் ஒன்றுசேர முடியாவிட்டால், இரண்டுக்கு மேற்பட்ட நாடுகள் மட்டும் சேர்ந்து நடத்தும் திட்டங்களுக்குச் செயற்குழு அமைக்க ஏழாம் பிரிவு வழிசெய்கிறது. பணத்துக்குத் திம்புவில் சார்க் வளர்ச்சி நிதியமும் அதன் சமூகத் திட்டப் பிரிவும் இருக்கின்றன. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது சில நாட்களுக்குள் உறுப்பு நாடுகள் காணொலியில் கூடி அவசர நிதி திரட்டின. மனம் இருந்தபோது வழியும் இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2017-இல் கொண்டுவந்த டிமென்ஷியா செயல்திட்டம் 2025-இல் முடிந்திருக்க வேண்டும். நான்கில் மூன்று பங்கு நாடுகள் தேசியத் திட்டம் வகுக்க வேண்டும் என்ற இலக்கு எட்டப்படவில்லை. அதனால் கெடுவை 2031 வரை நீட்டியிருக்கிறார்கள். 2014-இல் கேரளம் தனக்கென ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவோ இன்னும் ஒரு தேசியத் திட்டத்தை அறிவிக்கவில்லை.

பொதுச் செயலாளர் அவர்களே, இந்தக் கெடுவுக்குள் நடக்கக்கூடியதையே கேட்கிறேன். சுகாதாரக் குழுவின் நிகழ்ச்சி நிரலில் இந்த நோயைச் சேருங்கள். எல்லை தாண்டிய ஐந்து மொழிகளில், வங்காளம், உருது, பஞ்சாபி, நேபாளி, தமிழில், பொதுவான சோதனைகளை உருவாக்க ஆய்வாளர்களை அழையுங்கள். வீடு தேடிச் செல்லும் சுகாதாரப் பணியாளர்களுக்கான பொதுப் பயிற்சிக் கையேட்டை, நோயாளியைப் பராமரித்த பெண்களையும் உடன் வைத்து எழுதச் செய்யுங்கள். நேபாளமோ இலங்கையோ பூட்டானோ, முன்வரும் மூன்று நாடுகளோடு தொடங்கினாலும் போதும். மற்றவை பின்னால் வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
முதுமை மறதியோடு வாழ்ந்த ஒருவரைப் பராமரித்த மருமகள்