ரோட்டுக்கும் ட்ராக்குக்கும் ஒரே டயரா? போங்கய்யா!

டிஸ்கி: கார் பைத்தியம் இல்லாதவங்க, நடுவுல காத்து பத்தி வர்ற பகுதியை மட்டுமாவது படிச்சிடுங்க. ஆல்டோவுக்கும் பொருந்தும்.

ஆணி ஜாஸ்தி. அதனால ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வைக்கல. திரும்ப வந்ததும் வராததுமா சண்டை போட வேண்டியதாப் போச்சு. போன வாரம் நண்பர் ஒருத்தர் போன் பண்ணினார். "மாப்ள, செமி ஸ்லிக் ஒரு செட் மாட்டிட்டேன். இனிமே ஆபீசுக்கும் அதான், செட்டிபாளையம் ட்ராக்குக்கும் அதான்." மழை வந்தா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டேன். "அது ரோட் லீகல்டா" அப்படின்னார்.

இந்த "ரோட் லீகல்" இருக்கு பாருங்க, அதைத்தான் இன்னிக்குக் கிழிக்கப் போறேன்.

தெரியாதவங்களுக்கு: ரேஸ் கார்ல மாட்டுற மொட்டை டயருக்கும் நம்ம வீட்டு டயருக்கும் நடுவுல ஒரு ரகம் செமி ஸ்லிக். ரப்பர் மெத்துனு இருக்கும், சூடானா ரோட்டைக் கவ்வும். பள்ளம் கம்மி. எவ்வளவு நாள் உழைக்கும்னு டயர் பக்கவாட்டுல ஒரு எண் போட்டிருப்பான். மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் டயருக்கு அது 300. அதே கம்பெனியோட கப் 2க்கு 180. எண் குறையக் குறைய சீக்கிரம் தேயும்னு வச்சுக்கங்க. போர்ஷே 911 ஜிடி3ல இந்த மாதிரி டயரைப் போட்டு விக்கிறாங்க. பள்ளத்தோட ஆழம் கம்மி, ஈர ரோட்டுல தண்ணி மேல மிதக்கிற அபாயம் அதிகம்னு விக்கிறவனே அடிக்குறிப்பு போடுறான். நாமதான் அடிக்குறிப்பு படிக்கிற ஜாதி இல்லையே.

லீகல்னா போலீஸ் பிடிக்க மாட்டார். அவ்ளோதான் அர்த்தம். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குத் தேஞ்ச டயரும் நம்ம நாட்டுல லீகல்தான். அதை மாட்டிக்கிட்டு ஐப்பசி மழைல குடும்பத்தைக் கூட்டிட்டுப் போவீங்களா?

நான் போனேன். அதான் இவ்வளவு கோபம்.

என்கிட்ட இருக்கிறது செகண்ட் ஹேண்ட் போலோ ஜிடி. (அதெல்லாம் ஸ்போர்ட்ஸ் காரான்னு யாரும் சண்டைக்கு வராதீங்க. பொட்டி தட்டுறவனுக்கு அதுவே ஃபெராரி.) செமி ஸ்லிக் மாட்டிக்கிட்டு செட்டிபாளையம் போனேன். பழைய டயரை விட ஒரு ரவுண்டுக்கு ரெண்டு செகண்ட் குறைஞ்சது. தலை கால் புரியல. மறுநாள் காலைல கோவைல அக்கா வீட்டுல இருந்த அப்பாவை ஏத்திக்கிட்டு பொள்ளாச்சி, பழனி வழியா கொடைரோட்டுக்குக் கிளம்பினேன். திண்டுக்கல் தாண்டினதும் மழை பிடிச்சுக்கிச்சு. சின்னாளபட்டி தாண்டி, நாலுவழிச்சாலைல வலது ஓரம் மீடியனை ஒட்டி தண்ணி நின்னுச்சு. நான் லாரியை ஓவர்டேக் பண்ண வலது பக்கம் ஏறியிருந்தேன். ஸ்டியரிங் திடீர்னு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு. திருப்புறேன், வண்டி திரும்பல. லாரியோட பின் சக்கரம் அப்பா பக்கத்து கண்ணாடில பெருசாகிட்டே வருது. ரெண்டு செகண்ட் இருக்கும். ஆமா, அதே ரெண்டு செகண்ட். தண்ணி முடிஞ்சு டயர் திரும்ப ரோட்டைப் பிடிச்சப்ப வண்டி ஒரு வெட்டு வெட்டி நேராச்சு.

அப்பா ஒரு வார்த்தை பேசல. கொடைரோடு டோல்கேட் தாண்டினப்புறம்தான் வாயைத் திறந்தார். "டயர் என்னடா விலை?" சொன்னேன். அதுக்கப்புறமும் பேசல.

வீட்டுக்கு வந்து டயர் காத்தை அளந்தேன். 26. வழக்கமா வைக்கிறது 33. எங்க போச்சு மிச்சம்? ட்ராக்ல டயர் சூடாகி காத்தழுத்தம் ஏறும். நாமளும் பெரிய ரேஸ் டிரைவர் மாதிரி சூட்டோட சூடா காத்தை இறக்கி 33க்குக் கொண்டு வருவோம். டயருக்குள்ள 80 டிகிரின்னு வைங்க. ராத்திரி 28 டிகிரிக்கு ஆறினா அது 26 ஆயிடும். பிளஸ் ஒன் இயற்பியல்தான். திரும்ப ஏத்தணும்னு நியாபகம் இருக்கணும். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இல்ல.

காத்து குறைஞ்சா தண்ணில மிதக்கிற வேகமும் குறையும். 1960கள்ல நாசாவுல ஹார்ன்னு ஒரு ஆய்வாளர் விமான டயர்களை வச்சு ஒரு சூத்திரம் கண்டுபிடிச்சார். அழுத்தத்தோட வர்க்கமூலத்தை 9ஆல பெருக்கினா, மிதக்க ஆரம்பிக்கிற வேகம் நாட் கணக்குல வரும். கார் டயருக்கு அப்படியே ஒத்து வராது, ஆனா போக்கு புரியும். 33க்கு சுமார் 96 கிலோமீட்டர். 26க்கு 85. பள்ளமும் கம்மி, காத்தும் கம்மி. நான் 90ல போயிட்டிருந்தேன்.

ஆல்டோக்காரங்க இங்க கவனிங்க. சித்திரை வெயில்ல நம்ம பக்கத்துல பஞ்சர் கடையில எல்லாம் "வெயிலுக்கு காத்து கம்மியா வச்சுக்கங்க சார், வெடிச்சிரும்" அப்படிம்பாங்க. தப்பு. 30 டிகிரில 33 வச்ச டயர் 42 டிகிரில 35 ஆகும், அவ்வளவுதான். கம்மியா வச்சா பக்கவாட்டு சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து, அந்த உழைப்புலயே டயர் சூடாகும். வெடிக்கிறது அப்பதான். கதவுல ஒட்டியிருக்கிற எண்ணை, டயர் குளுந்திருக்கும்போது வைங்க.

"பெரிய கம்பெனி, டெஸ்ட் பண்ணாமலா விப்பான்?" இது அடுத்த வாதம். நம்ம கோயமுத்தூர் நரேன் கார்த்திகேயனோட ஃபார்முலா ஒன் புள்ளிகள் எத்தனை தெரியுமா? மொத்தமே 5. அத்தனையும் 2005 இண்டியானாபொலிஸ் பந்தயத்துல வந்தது. அங்க 13வது வளைவு சரிவா இருக்கும், முழு வேகத்துல டயர் மேல பளு ஏறும். வெள்ளிக்கிழமை பயிற்சிலயே மிஷ்லின் டயர் பழுதாகி ரால்ஃப் ஷூமாக்கர் சுவத்துல போய் மோதினார். எங்க டயர் இந்த வளைவைத் தாங்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு மிஷ்லினே சொல்லிடுச்சு. ஞாயித்துக்கிழமை 14 கார் ஃபார்மேஷன் லேப் முடிச்சு அப்படியே பிட்டுக்குள்ள போயிருச்சு. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட 6 கார் மட்டும் ஓடி, நரேன் நாலாவதா வந்தார். மிஷ்லின் மட்டமான டயரா? அந்த சீசன் முழுக்க மத்த இடத்துல எல்லாம் அவங்கதான் ராஜா. அந்த ஒரு வளைவுக்கு ஒத்து வரல. அவ்ளோ பெரிய கம்பெனியே ஓட்டாதேன்னு சொன்னப்ப, நாம எந்த தைரியத்துல செட்டிபாளையத்துக்கு செஞ்ச டயரை சின்னாளபட்டில ஓட்டுறோம்?

"ரெண்டு செட்டுக்குக் காசு?" கணக்கு போடுங்க. ஆபீசுக்கு போற டயர் ஆபீசுக்கு தேயும், ட்ராக் டயர் ட்ராக்ல தேயும். கூடுதல் செலவு பழைய ரிம் நாலு. மெத்து ரப்பரை ஹைவேல கரைக்கிறதுதான் காசைக் கரைக்கிறது. ஒரு செட்டுக்குத்தான் வசதின்னா நல்ல ரோட் டயர் வாங்கி, அதோடயே ட்ராக்குக்குப் போங்க. நாலு ரவுண்டுல வழுக்க ஆரம்பிக்கும். வெளிய வந்து ஆற வச்சு மறுபடி போங்க. ரெண்டு செகண்ட் போனா போகட்டும், யாரும் கப் தரப்போறதில்லை. மழையே இல்லாத ஞாயித்துக்கிழமைல மட்டும் வண்டி எடுக்கிற மகராசன் இருந்தா, அவர் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம். மெட்ராஸ் இருங்காட்டுக்கோட்டைல நிஜமா ரேஸ் ஓட்டுறவங்க ஸ்லிக் டயரைத் தனியா கொண்டுபோய் அங்கதான் மாட்டுறாங்க. நமக்கு மட்டும் கௌரவக் குறைச்சல்.

இப்ப அந்த செமி ஸ்லிக் நாலும் எங்க வீட்டு மாடிப்படிக்கு அடில சாக்கு போத்திக் கிடக்கு. பின் சீட்டை மடிச்சா போலோவுல மூணு டயர் உள்ள போகுது, நாலாவது முன் சீட்டுல பெல்ட் போட்டு உக்காருது. அதனால அடுத்த தடவை அப்பா பஸ்லதான் வரணும். அவருக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இருக்கற மாதிரி தெரியல :-)

அடுத்த ட்ராக் டேக்கு யாராச்சும் திண்டுக்கல் பக்கத்துல இருந்து வர்றீங்களா? ஜாக் நான் கொண்டு வர்றேன். டார்க் ரெஞ்ச் இருந்தா சொல்லுங்க.