சக்கரம் அழகுக்கா, ஓட்டத்துக்கா?

வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இக்காலத்தில் ‘காருக்குச் சக்கரம் மாற்றிப் பார்’ என்பதையும் அதோடு சேர்த்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

திருவட்டாற்றில் என் தங்கை மகன் ஒருவன் இருக்கிறான். வளைகுடா நாட்டில் ஆறு வருஷம் உழைத்த பணத்தில், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வாங்கினான். நல்ல வண்டி. ஆனால் மறுமாதமே, “மாமா, இந்த வீல் வண்டிக்கு எடுப்பா இல்லே. பெரிய வீல் போட்டுக் கொஞ்சம் வெளியே தள்ளி நிறுத்தினாத்தான் களை வரும்” என்று ஆரம்பித்துவிட்டான். ஒரு கடைக்காரர், “போல்ட் துளை பொருந்தினால் போதும்” என்று சொல்லி மாட்டியும் கொடுத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகள் இருவரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குப் புறப்பட்டோம். வேகத்தடை ஒன்றில் வண்டி ஏறி இறங்கியதும் ‘கர்’ரென்று ஒரு சத்தம், ரப்பர் கருகும் நாற்றம். இறங்கிப் பார்த்தால், பின் டயரின் தோள்பட்டையை மட்கார்டு விளிம்பு ஒரு விரல் நீளத்துக்குச் சீவியிருந்தது. மழை பெய்து நனைந்த ரோடு, எதிரே இறக்கம். அந்த டயர் இறக்கத்தில் வெடித்திருந்தால் என்ற நினைப்பே என்னை இன்றும் நடுக்குகிறது. ஆகவேதான் இதை எழுதுகிறேன்.

மூன்று எண்களின் கணக்கு

டயரின் பக்கவாட்டில் 215/45 ஆர் 17 என்று எழுதியிருக்கும். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அந்த அகலத்தில் நூற்றுக்கு இத்தனை என்ற கணக்கில். 17 என்பது சக்கரத்தின் குறுக்களவு, அங்குலத்தில். கூட்டிப் பார்த்தால் டயரோடு சேர்ந்த மொத்த உயரம் சுமார் 625 மி.மீ. இந்த மொத்த உயரம் மாறாமல் இருக்க வேண்டும் என்பதே முதல் விதி. சக்கரம் ஒரு அங்குலம் பெரிதானால், பக்கச் சுவர் அதற்கேற்பக் குறைய வேண்டும்.

எங்கள் பையன் போட்டது 225/40 ஆர் 18. உயரம் 637 மி.மீ. ஏறக்குறைய இரண்டு சதவிகிதம் அதிகம். மீட்டர் நூறு காட்டும்போது வண்டி அதைவிட இரண்டு கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போகும். 215/40 ஆர் 18 போட்டிருந்தால் உயரம் 629 மி.மீ.தான், வித்தியாசம் ஒரு சதவிகிதத்துக்கும் குறைவு.

ஆப்செட் என்றால் என்ன?

சக்கரத்தின் அகலத்துக்குச் சரிபாதியில் ஒரு கோடு இழுங்கள். வண்டியின் அச்சோடு சேரும் தட்டு அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறதோ, அதுவே ஆப்செட். ‘ஈ.டி. 48’ என்று பொறித்திருந்தால், தட்டு வெளிப்பக்கமாக 48 மி.மீ. தள்ளியிருக்கிறது என்று பொருள். இந்த எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே பிதுங்கும். கூடக் கூட உள்ளே நுழையும்.

பையனுடைய பழைய சக்கரம் 7 அங்குல அகலம், ஈ.டி. 48. புதியது 8 அங்குலம், ஈ.டி. 35. அகலத்தால் பக்கத்துக்கு 12.7 மி.மீ., ஆப்செட்டால் 13 மி.மீ.; ஆக வெளியே தள்ளியது 25.7 மி.மீ. ஒரு அங்குலம்! மட்கார்டு உரசாமல் என்ன செய்யும்? சரி, ஆப்செட்டை 48 ஆகவே வைத்தால் உட்பக்கம் 12.7 மி.மீ. நெருங்கி, ஷாக் அப்சார்பரில் இடிக்கலாம். பழைய எண்ணை ஒட்டிய ஆப்செட்டும், மிஞ்சினால் அரை அங்குல அகலமும்தான் பத்திரமான எல்லை என்பது என் அபிப்பிராயம்.

உரசல் மட்டுமல்ல. ஒரு குடம் தண்ணீரை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சக்கரம் வெளியே போனால் பேரிங்குக்கு வரும் கஷ்டமும் அதுதான். குழியில் விழுந்தால் ஸ்டீயரிங் கையை வெட்டி இழுக்கும்.

போல்ட் துளை விஷயத்திலும் ஏமாறக் கூடாது. 112 மி.மீ. வட்டமும் 114.3 மி.மீ. வட்டமும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பலவந்தமாக முறுக்கினால் போல்ட் வளைந்து, ஒருநாள் சக்கரமே கழன்றுவிடும். நடுத்துளை பொருந்துகிறதா, டயரும் சக்கரமும் தாங்கும் பாரம் போதுமா என்றும் கேட்டறிய வேண்டும்.

அகலம்தான் வீரமா?

வாலிபர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2012இல் டோயோட்டா கம்பெனி ‘86’ என்ற ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டபோது, அதற்குப் போட்டது இதே 215/45 ஆர் 17 டயர். அதுவும் சிக்கனத்துக்குப் பேர்போன பிரியஸ் காரில் அப்போது வந்த இனம். வண்டி வளைவில் இலேசாக விளையாட வேண்டும் என்றே அப்படிச் செய்தார்கள்.

பந்தயப் பாதை வேறு, நம் ரோடு வேறு. தென்மேற்குப் பருவ மழையும் வடகிழக்குப் பருவ மழையும் ஒருங்கே பெறும் ஜில்லா இது. எதிரே பஸ் வந்தால், தார் விளிம்பை விட்டு ஒரு சக்கரத்தை இறக்கித்தான் ஆக வேண்டும். இங்கே குறைந்துபோன அந்த ரப்பர் சுவர்தான், சக்கரம் நெளியாமல் காப்பது.

சட்டமும் உண்டு. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவு விவரங்கள் உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில், 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்தியது. விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பதும் இந்தக் கேள்வியாக இருக்கலாம்.

எங்கள் பையன் பழைய சக்கரத்துக்கே திரும்பி, மிச்சப் பணத்தில் முதல்தரமான டயர் நாலு வாங்கிப் போட்டான். “இப்பத்தான் மாமா, வண்டி ரோட்டைப் பிடிக்குது” என்றான். அவன் அம்மாவும் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். காரின் அழகு அதில் ஏறியவர்கள் பத்திரமாக வீடு திரும்புவதில் இருக்கிறது என்பது என் கட்சி.