வாயைத் திறக்கும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள்!

பல் வலி வந்துவிட்டால் மனிதனுக்குப் பொறுமை போய்விடும். ராத்திரி முழுக்க கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, விடிந்ததும் விடியாததுமாக எந்த கிளினிக் கதவு திறந்திருக்கிறதோ அங்கே ஓடுவோம். நாற்காலியில் சாய்ந்ததும் 'ஆ' என்று வாயைத் திறந்துவிடுவோம். டாக்டர் கையில் இருக்கிற கருவி அதற்கு முன் யார் வாயில் இருந்தது, அதை எப்படிச் சுத்தம் செய்தார்கள் என்று கேட்கிற தெம்பு அப்போது நமக்கு இருக்காது.

"சித்த வைத்தியருக்குப் பல் டாக்டர் விஷயத்தில் என்ன வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது. கம்பம், கூடலூர், சின்னமனூர் பக்கத்திலிருந்து பல் வலி என்று என்னிடம் வருகிறவர்கள் அதிகம். சொத்தைப் பல்லில் கிராம்புத் தைலம் தொட்டு வைத்தால் வலி அடங்கும். ஆனால் சொத்தை அடங்காது. உள்ளே சீழ் கட்டியிருந்தால் பஞ்சும் தைலமும் போதாது. "பல் டாக்டரைப் பாருங்க" என்று நானேதான் அனுப்பி வைக்கிறேன். அனுப்பி வைக்கிறவனுக்கும் பொறுப்பு உண்டல்லவா?

திருப்பத்தூர் மாவட்டம் வாணியம்பாடியில் நடந்ததை 2025-ல் படித்தபோது எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை. அங்கே ஒரே பல் மருத்துவமனைக்குப் போய் வந்த 10 பேருக்கு மூளையைத் தாக்கும் கொடிய தொற்று வந்து, அவர்களில் 8 பேர் இறந்து போயிருக்கிறார்கள். சம்பவம் நடந்தது 2023-ல். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், தமிழகப் பொது சுகாதாரத் துறை ஆகியவை சேர்ந்து ஆராய்ந்த விவரம் அது.

நோயின் பெயர் மெலியாய்டோசிஸ். மண்ணிலும் தண்ணீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவால் வருவது. அது பல் நாற்காலிக்கு எப்படி வந்தது? வாய் கழுவிவிடப் பயன்படுத்திய சலைன் பாட்டில் வழியாக! ஈறை விலக்குகிற இரும்புக் கருவியாலேயே பாட்டிலைத் திறந்து, மீதியை லேசாக மூடி வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதையே ஊற்றியிருக்கிறார்கள். உபயோகத்தில் இருந்த அந்த சலைனில் கிருமியின் தடயம் கிடைத்தது.

கவனியுங்கள். யாரும் போலி மருந்து கொடுக்கவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணமும் இல்லை. 'மிச்சம் இருக்கே, வீணாக்குவானேன்' என்கிற சாதாரண சிக்கனம்தான். சில பத்து ரூபாயில் முடிகிற சமாச்சாரம், எட்டுக் குடும்பங்களில் விளக்கை அணைத்துவிட்டது.

பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படிக்கும்போது எங்கள் மண்டையில் ஏற்றிய முதல் பாடம் 'சுத்தி'. சேராங்கொட்டையோ, கந்தகமோ, சுத்தி செய்யாமல் கொடுத்தால் மருந்தே நஞ்சு. கருவிக்கும் இதே விதிதான். சுத்தி செய்யாத கருவி, எவ்வளவு கெட்டிக்கார டாக்டர் கையில் இருந்தாலும் நஞ்சுதான்.

நம் திராட்சைத் தோட்டக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். களைக்கொல்லி அடித்த டேங்க்கைக் கழுவாமல் கொடிக்கு மருந்து அடிப்பாரா? மாட்டார். கொடி கருகிவிடும் என்று அவருக்குத் தெரியும். கொடிக்குக் காட்டுகிற அக்கறையை நம் வாய்க்குக் காட்ட வேண்டாமா?

ஊருக்கு உபதேசம் செய்கிற நானும் யோக்கியன் இல்லை. சில வருஷங்களுக்கு முன் எனக்குக் கடைவாய்ப் பல் எடுத்தார்கள். தட்டில் ஈரம் சொட்டச் சொட்டக் கிடந்த கருவிகளைப் பார்த்தேன். கேட்கலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. 'வைத்தியரே வைத்தியரைச் சந்தேகப்படலாமா, தப்பா நினைச்சுக்குவாரே' என்று வாயை மூடிக்கொண்டேன். இல்லை, வாயைத் திறந்து கொடுத்துவிட்டேன்! எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் அதிர்ஷ்டமே தவிர, புத்திசாலித்தனம் அல்ல.

போன வருஷம் வேறொரு கிளினிக்கில் துணிந்து கேட்டுவிட்டேன். அந்த இளம் டாக்டர் முகம் சுளிக்கவில்லை. ஒட்டிய கவரை என் கண் முன்னால் பிரித்துக் காட்டினார். "இதையெல்லாம் யாருமே கேக்கிறதில்லைங்கய்யா. கேட்டா எங்களுக்கும் சந்தோசந்தான்" என்றார். நல்ல டாக்டருக்கு இந்தக் கேள்வி அவமரியாதை அல்ல. கோபப்படுகிறவர் என்றால், நீங்கள் எழுந்து வந்துவிடலாம்.

சரி, என்ன கேட்பது?

கருவிகளை ஆட்டோகிளேவில் வைத்தீர்களா என்று கேளுங்கள். அது நம் வீட்டு குக்கர் மாதிரிதான். அழுத்தத்தில் 121 டிகிரி நீராவியில் குறைந்தது 15 நிமிஷம் வேக வேண்டும். 'சுடுதண்ணியில் போட்டு எடுத்தாச்சு' என்பது போதாது. 100 டிகிரிக்கு அசையாத கிருமி வித்துகள் உண்டு.

ஊசி புதிதா, கையுறை உங்களுக்காக மாற்றியதா என்று பாருங்கள். மஞ்சள் காமாலையைத் தருகிற ஹெபடைடிஸ் 'பி' வைரஸ், காய்ந்த ரத்தக் கறையில்கூட ஒரு வாரம் உயிரோடு இருக்கும்.

பல் எடுக்கும்போதும் ஈறைக் கிழிக்கும்போதும் ஊற்றுகிற சலைன், உங்களுக்காகப் புதிதாகத் திறந்ததா என்று கேளுங்கள்.

டாக்டரின் பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும், கிளினிக்கின் பதிவுச் சான்றிதழும் சுவரில் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் 1997-ஆம் வருஷச் சட்டப்படி கிளினிக்குகள் பதிவு செய்தாக வேண்டும். குறை இருந்தால் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் பங்கும் உண்டு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, காமாலை வந்தது, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். நாங்கள் கொடுக்கிற சூரணம், லேகியத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பல் எடுத்த பிறகு காய்ச்சல், தாங்காத தலைவலி, முகம் ஒரு பக்கம் கோணுவது, பார்வை மங்குவது என்று எது வந்தாலும் கஷாயம் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உடனே க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், பல் வைத்தியம் செய்துகொண்டதை முதலில் சொல்லுங்கள்.

அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். 2023-ல் நடந்தது என்னைப் போன்ற வைத்தியனுக்கே 2025-ல்தான் தெரிகிறது என்றால் அது சரியா? கிளினிக் பெயரைச் சொல்லாவிட்டாலும், 'இப்படி ஒரு தப்பு நடந்தது, ஜாக்கிரதை' என்று எல்லா ஊருக்கும் உடனே சொல்லியிருக்கலாம். ஒரு ஊரில் நடந்த தப்பு மற்ற ஊர்களுக்குப் பாடமாக வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு, 'பல் டாக்டரே வேண்டாம்' என்று சொத்தையை வளர்க்காதீர்கள். அது அதைவிட ஆபத்து. போங்கள், தைரியமாகப் போங்கள். ஆனால் நாற்காலியில் சாய்வதற்கு முன்னால், "டாக்டர், கருவியெல்லாம் சுத்தம் பண்ணியதுதானே?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வாயைத் திறந்த பிறகு பேச முடியாது!