துறைக்குக் கதவு திறந்தது, முறைக்கு?

வெளிநாட்டுச் சட்டம், அறிவியல், கலை, கையெழுத்து, விரல்ரேகை ஆகியவற்றில் தேர்ந்தவர்களின் கருத்தைச் சான்றாகக் கொள்ளலாம் என்றது இந்திய சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய சாக்ஷ்ய அதினியம், தன் 39ஆம் பிரிவில், பிற எந்தத் துறையையும் அப்பட்டியலில் சேர்த்துக்கொண்டது. இனி மொழியியலாளரும் தயக்கமின்றிச் சாட்சிக்கூண்டு ஏறலாம் என மகிழ்வோர் உண்டு.

மகிழ்ச்சி முந்திவிட்டது. புதிய சட்டம் துறைகளின் பட்டியலை நீட்டியதே தவிர, ஒரு கருத்து எம்முறையால் பெறப்பட்டது, அம்முறை எவ்வளவு பிழைபடும் என்னும் வினாக்களை வாயிலில் நிறுத்தவில்லை. கருத்துக்கான காரணங்களும் தொடர்புடையவை என்கிறது அதன் 45ஆம் பிரிவு. காரணமற்ற கருத்து உள்ளே வரக்கூடாது என்று சொல்லவில்லை. நிபுணர் தாம் செய்த சோதனைகளை விவரிக்கலாம் என்பது அப்பிரிவின் எடுத்துக்காட்டு. ‘விவரிக்கலாம்’ என்பதற்கும் ‘விவரிக்க வேண்டும்’ என்பதற்கும் உள்ள தொலைவை மொழி பயின்றோருக்கு விளக்கத் தேவையில்லை.

அத்தொலைவுக்கு விலை கொடுப்பவர் வழக்காடும் எளியவர். கையொப்பம் மறுக்கப்பட்ட ஒரு புரோநோட்டு வழக்கை எண்ணிப் பார்க்கலாம். வாதி கட்டணம் கொடுத்து அழைத்துவரும் நிபுணர் கையொப்பம் உண்மை என்பார். பிரதிவாதியின் நிபுணர் போலி என்பார். குறுக்கு விசாரணைகள் நீளும். இறுதியில் இரண்டு அறிக்கைகளையும் ஒதுக்கிவிட்டு, 72ஆம் பிரிவின்படி நீதிபதியே கையொப்பங்களை ஒப்பிட்டுப் பார்க்கவும் கூடும். பணமும் காலமும் போனபின், அறிவியல் மட்டும் வந்து சேர்ந்திருக்காது.

உச்ச நீதிமன்றம் இதை உணராமல் இல்லை என்பது எதிர்வாதம். முராரிலால் வழக்கு (1980) கையெழுத்து நிபுணரின் காரணங்களைக் கவனமாக ஆராயச் சொன்னது. ரமேஷ் சந்திர அகர்வால் வழக்கு (2009) தரவையும் காரணத்தையும் நீதிமன்றத்தின் முன் வைப்பதே நிபுணரின் உண்மையான பணி என்றது. ஆயினும் நடைமுறையில் இவை கருத்தை எடைபோடப் பயன்படுகின்றனவே அன்றி, வடிகட்டப் பயன்படுவதில்லை. எடைபோடுதல் வழக்கின் முடிவில் நிகழ்வது. வடிகட்டுதல் தொடக்கத்தில் நிகழ வேண்டியது. அமெரிக்காவில் 1993ஆம் ஆண்டின் டோபர்ட் தீர்ப்பு, முறை சோதிக்கப்பட்டதா, அதன் பிழைவீதம் என்ன எனத் தொடக்கத்திலேயே கேட்கும் பொறுப்பை நீதிபதிக்குத் தந்தது. அதுவும் ஓர் உரிமையியல் வழக்கே. கட்டணம் தருபவருக்கான கடமையைவிட நீதிமன்றத்துக்கான கடமையே மேலானது என்று இங்கிலாந்தின் உரிமையியல் நடைமுறை விதிகள் எழுதியே வைத்துள்ளன.

மொழியியல் தன்னையும் இவ்வளவுகோலால் அளந்துகொள்ள வேண்டும். 1962இல் ‘அமிர்ததாரா’, ‘லட்சுமண்தாரா’ என்னும் மருந்துப் பெயர்கள் குறித்த வழக்கில், சராசரி நுகர்வோர் பெயரைப் பகுத்துச் சொற்பொருள் ஆராய்வதில்லை, மொத்த ஒற்றுமையே அவரை ஏமாற்றும் என்றது உச்ச நீதிமன்றம். கேட்பவர் உண்மையில் குழம்புகிறாரா என்பது சோதித்தறியத்தக்க வினா. எத்தனை பேர் கேட்டனர், அவர்களின் தாய்மொழிகள் யாவை, கடைத்தெரு இரைச்சலில் எத்தனை முறை ஒன்றை மற்றொன்றாகக் கேட்டனர் என அளக்க முடியும். அளக்காமல், பட்டத்தின் பலத்தில் மட்டும் ‘இரண்டும் ஒன்றுபோல் ஒலிக்கின்றன’ எனச் சொல்லும் மொழியியலாளர், நீதிபதியிடம் ஏற்கெனவே உள்ள காதுக்கு மேல் எதையும் தருவதில்லை. அவர் கட்டணம் பெறும் இன்னொரு காது, அவ்வளவே.

தரவு, முறை, அறியப்பட்ட பிழைவீதம், பெற்ற கட்டணம் ஆகிய நான்கையும் வெளியிடாத அறிக்கை வழக்குக் கோப்பில் ஏறக்கூடாது. இரு தரப்பும் தனித்தனியே நிபுணரைத் தேடுமுன், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 26ஆம் கட்டளை, 10அ விதிப்படி அறிவியல் ஆய்வுக்கு ஆணையரை நியமிக்கும் அதிகாரத்தை நீதிமன்றங்கள் முதலில் கையாள வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளோ சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆய்விதழுக்கு அனுப்பத் தகாத அறிக்கை நீதிமன்றத்துக்கும் தகாது என்று அவை இன்றே விதி செய்துகொள்ளலாம். ஆய்விதழில் பிழை நேர்ந்தால் ஒரு கட்டுரை திரும்பப் பெறப்படும். நீதிமன்றத்தில் நேர்ந்தால் ஒருவரின் வீடு போகும்.