ரியோவில் கேட்ட நியாயம் பண்டமாரானுக்கு எப்போது வரும்?

மலேசிய அரசாங்கம் உலக அரங்கில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு நியாயத்தைக் கேட்டு வருகிறது. 1992-ல் ரியோ டி ஜெனிரோவில் நடந்த பூமி உச்சி மாநாட்டில் அன்றைய பிரதமர் மகாதீர் அதை உரக்கச் சொன்னார். காற்றைக் கெடுத்துப் பணக்காரர் ஆனவை மேல்நாடுகள். அதன் விளைவைச் சுமப்பவை ஏழை நாடுகள். ஆகவே செலவைக் கெடுத்தவனே ஏற்க வேண்டும். 2022-ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த மாநாடு இந்த நியாயத்தை ஓரளவு ஒப்புக்கொண்டது. பருவநிலைப் பேரிடரால் ஏற்படும் இழப்புக்கும் சேதத்துக்கும் ஒரு தனி நிதி அமைக்க அங்கே முடிவாயிற்று.

இந்த வாதத்தில் நமக்கு மறுப்பே இல்லை. நூற்றுக்கு நூறு சரி!

நமது கேள்வி ஒன்றுதான். வெள்ளைக்காரனிடம் கேட்கும் இந்த நியாயத்தைத் தன் சொந்த நாட்டு ஏழைக்கு இந்த அரசாங்கம் எப்போது கொடுக்கப் போகிறது? கெடுத்தவன் ஒருவன், முழுகுபவன் இன்னொருவன் என்ற அநீதி நாடுகளுக்கு இடையில் மட்டுமா இருக்கிறது? கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையில் இல்லையா? மேட்டில் இருக்கும் மாளிகைக்கும் பண்டமாரானின் தாழ்ந்த வீட்டுக்கும் இடையில் இல்லையா?

தண்ணீர் வரும் வழி

கிள்ளான் ஆறு சுமார் 120 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. கோம்பாக் மலையிலும் கோலாலம்பூரிலும் ஷா ஆலமிலும் விழும் மழையெல்லாம் கடைசியில் நம் பக்கம்தான் வந்து சேர வேண்டும். தலைநகரில் ஒவ்வோர் ஏக்கருக்கும் சிமெண்டு பூசப்படும்போது, மண் குடிக்க வேண்டிய நீரும் சேர்ந்து ஆற்றுக்கு ஓடி வருகிறது. மேலே மேம்பாடு, கீழே வெள்ளம்!

கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் நடுவே, தாழ்ந்த சமவெளியில் இருக்கிறது பண்டமாரான். அவசரகாலத்தில் மக்களைக் கொண்டுவந்து அடைத்த புதுக்கிராமம் அதன் கரு. பின்னர் துறைமுகத்துக்கும் தொழிற்சாலைக்கும் லோரிக்கும் உழைக்க வந்தவர்கள் அதைச் சுற்றிக் குடியேறினார்கள். இந்தக் கடலோரத்தில் பெருக்கு நாள்களில் கடல் மட்டம் 5 மீட்டருக்கும் மேல் ஏறும். அப்போது வடிகால் வாயிலில் உள்ள மதகுகளை மூடியாக வேண்டும்; இல்லையேல் கடல் உள்ளே வந்துவிடும். மதகு மூடியிருக்கும் நேரத்தில் அடைமழை பெய்தால் உள்ளே உள்ள நீருக்குப் போக்கிடம் ஏது? இறைப்பு இயந்திரம் ஓடினால் தப்பலாம். ஓடாவிட்டால் வீட்டுக்குள் குளம்தான்.

பருவநிலை மாற்றம் இரண்டு பக்கமும் நம்மை நெருக்குகிறது. கடல் மட்டம் உயர உயர, மதகைத் திறந்து வைக்கக்கூடிய நேரம் குறைகிறது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அந்த ஈரம் சில மணி நேரத்தில் மொத்தமாகக் கொட்டுகிறது. கடலும் வானமும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால் என்ன கதி?

கோலாலம்பூர் மையத்தைக் காப்பாற்ற 2007-ல் 'ஸ்மார்ட்' சுரங்கம் திறக்கப்பட்டது. 9.7 கிலோமீட்டர் நீளம், ஏறத்தாழ 190 கோடி வெள்ளி செலவு. நல்ல திட்டம், குறை சொல்லவில்லை. ஆனால் வங்கிகளும் பேரங்காடிகளும் முழுகக்கூடாது என்பதற்குக் கோடிகள் கிடைக்கின்றன. ஆற்றின் கடைக்கோடியில் இருப்பவனுக்குக் கிடைப்பது என்ன? மணல் மூட்டையும் மலாய் மொழியில் ஓர் எச்சரிக்கைக் குறுஞ்செய்தியும்!

2021 டிசம்பரை மறந்துவிட்டோமா?

2021 செப்டம்பர் 27-ஆம் தேதி 12-வது மலேசியத் திட்டம் நாடாளுமன்றத்தில் தாக்கலானது. விரைவில் என்றால் 2050-லேயே கரிமச் சமநிலை, இனிப் புதிய நிலக்கரி மின் நிலையம் இல்லை என்றெல்லாம் பிரதமர் இஸ்மாயில் சப்ரி அறிவித்தார். கைதட்டல் ஓய்ந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. டிசம்பர் 18-ஆம் தேதி சிலாங்கூர் முழுகியது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம் மக்கள் கூரைமேல் ஏறி நின்று உதவிக்குக் கூவினார்கள். அரசாங்கப் படகுக்கு முன்னால் பொதுமக்களின் படகுதான் பலரைக் காப்பாற்றியது. சீக்கியக் குருத்துவாராவும் பள்ளிவாசலும் கோயிலும் சோறு போட்டன. நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்; அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் சிலாங்கூரில்.

நாடு முழுவதும் மொத்த இழப்பு 610 கோடி வெள்ளி, அதில் சிலாங்கூரின் பங்கு மட்டும் 310 கோடி என்று புள்ளிவிவர இலாகாவே கணக்குச் சொன்னது. ஒரு குடும்பத்துக்கு அறிவித்த கருணைத் தொகை 1,000 வெள்ளி. குளிர்பெட்டி, மெத்தை, மோட்டார் சைக்கிள், பிள்ளைகளின் பள்ளிப் புத்தகம், பிறப்புப் பத்திரம் எல்லாம் போனவனுக்கு ஆயிரம் வெள்ளி! அதன் பெயரைக் கவனியுங்கள்: 'வாங் இஹ்சான்'. இழப்பீடு என்று சொல்லவில்லை, கருணை என்கிறார்கள். இழப்பீடு என்றால் உரிமை ஆகிவிடும். கருணை என்றால் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போகலாம். ஷார்ம் எல் ஷேக்கில் 'இழப்பும் சேதமும்' என்று நியாயம் பேசிய நாடு, ஸ்ரீ மூடாவில் 'இஹ்சான்' என்று பிச்சை போடுகிறது.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் மழை இது என்று மூத்த அதிகாரி ஒருவர் சமாதானம் சொன்னார். பூமி சூடாகும் காலத்தில் பழைய நூறாண்டுக் கணக்கு செல்லாது என்று உலக விஞ்ஞானிகள் தொண்டை கிழியச் சொல்கிறார்கள். இது இவர்களுக்குத் தெரியாதா? தெரியும்.

நாம் எப்படித் தாழ்நிலத்துக்கு வந்தோம்?

மழை இனம் பார்க்காது, உண்மைதான். பண்டமாரானில் சீனர் வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் தண்ணீர் புகத்தான் செய்கிறது. ஆனால் யார் எங்கே குடியிருக்கிறார் என்பதை மழை முடிவு செய்யவில்லை. அரசியல்தான் முடிவு செய்தது.

நம் பாட்டன் பூட்டன் மூன்று நான்கு தலைமுறை கித்தாக்காட்டில் உழைத்தார்கள். லயத்து வீடு அவர்கள் பெயரில் இல்லை. 1980-களுக்குப் பிறகு கிள்ளான் பள்ளத்தாக்கில் தோட்டம் தோட்டமாக மேம்பாட்டாளர்களுக்குக் கைமாறியது. நிலத்துக்குக் கோடிக்கணக்கில் விலை. அதில் உழைத்தவனுக்கு வேலையும் போச்சு, வீடும் போச்சு. கையில் காசில்லாதவன் எங்கே போவான்? ஆற்றோரம், ரயில் தண்டவாளத்து ஓரம், யாருக்கும் வேண்டாத பள்ளம். அங்கே குடிசை போட்டால் 'புறம்போக்குவாசி' என்று பட்டம். அங்கிருந்தும் விரட்டினால் மலிவுவிலை அடுக்குமாடி. மழைநீரைக் குடித்த தோட்டத்து மண் சிமெண்டுத் தரையானது. அந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டவனின் வாசலுக்கே அந்த நீர் ஓடி வருகிறது! ஒரே நில விற்பனையில் நமக்கு இரண்டு தண்டனை.

சட்டம் இல்லாமலா இதெல்லாம் நடந்தது? சட்டம் இருந்தது, ஆள் பார்த்து வேலை செய்தது. 2006-ல் இதே பண்டமாரானில், கம்போங் இடாமானில், எளியவர்களின் வீடுகளுக்கு நடுவே ஒரு மாளிகை எழும்பியது. கட்டியவர் அப்போது கிள்ளான் நகராண்மைக் கழக உறுப்பினராகவும் போர்ட் கிள்ளான் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்த அம்னோவின் டத்தோ சக்காரியா டெரோஸ். கட்டட வரைபடத்துக்கு அனுமதியே வாங்கவில்லை! நாடே சிரித்தது. ஆனால் அங்கே இடிக்கும் இயந்திரம் போகவில்லை. மறு ஆண்டு 2007 அக்டோபர் 30-ல், தீபாவளிக்குச் சில நாள்களுக்கு முன், ஷா ஆலம் பாடாங் ஜாவாவில் கம்போங் ரிம்பா ஜெயா மாரியம்மன் கோயில் 'அனுமதியில்லாத கட்டடம்' என்று தரைமட்டமாக்கப்பட்டது. அந்த வேதனைதான் நவம்பர் 25-ல் ஆயிரமாயிரம் பேரைக் கோலாலம்பூர் சாலைக்குக் கொண்டு வந்தது.

பருவநிலைக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். கட்டட அனுமதிதான் வெள்ளத் தடுப்பின் முதல் படி. எந்தப் பள்ளத்தை நிரப்பலாம், எந்தக் கால்வாயை மூடலாம், எந்தச் சதுப்பில் கட்டலாம் என்பதை அந்த மேசைதான் முடிவு செய்கிறது. அங்கே ஆள் பார்த்து நீதி என்றால், கீழே வெள்ளமும் ஆள் பார்த்துத்தான் வரும்.

முட்டுக்கட்டை எங்கே?

பணம் இல்லை, தொழில்நுட்பம் இல்லை என்பதெல்லாம் சாக்கு. முட்டுக்கட்டை அரசியலில் இருக்கிறது. மூன்றைச் சொல்கிறோம்.

ஒன்று, கணக்கு விளையாட்டு. 2030-க்குள் 45 விழுக்காடு குறைப்போம் என்று மலேசியா 2021-ல் உலகத்துக்கு உறுதி கூறியது. எதைக் குறைப்பார்கள்? புகையை அல்ல, 2005-ஆம் ஆண்டோடு ஒப்பிட்டு, பொருளாதாரத்தின் ஒவ்வொரு வெள்ளிக்கும் எவ்வளவு புகை என்ற விகிதத்தை. பொருளாதாரம் இரண்டு மடங்கு ஆகி, விகிதம் 45 விழுக்காடு குறைந்தால் மொத்தப் புகை என்ன ஆகும்? 100 இருந்தது 110 ஆகும். வாக்குறுதியும் நிறைவேறும், புகையும் கூடும்! நம் மாவட்டத்துக் காப்பாரில் நிலக்கரி எரிக்கும் பெரிய மின் நிலையம் இருக்கிறது. அந்தப் புகைக்கு விகிதம் தெரியாது.

இரண்டு, பொறுப்பைத் தட்டிக் கழித்தல். கூட்டரசு வெளிநாட்டில் வாக்குறுதி தருகிறது. நிலமும் காடும் அரசியலமைப்பின்படி மாநிலத்தின் கையில். மாநிலத்துக்கு வருமானம் நிலத்திலிருந்து வருகிறது. பிறகு எப்படிக் காடு பிழைக்கும்? 2021 மே மாதம் கோல லங்காட் வடக்குக் காட்டிலிருந்து 536 ஹெக்டேர் சதுப்பு நிலத்தைச் சிலாங்கூர் அரசு பாதுகாப்புப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆகஸ்டில்தான் வெளியே தெரிந்தது. கரிமத்தையும் நீரையும் பிடித்து வைக்கும் கரிச்சதுப்பு அது. தெமுவான் பூர்வகுடிகளின் வாழ்விடம். இதைச் செய்தது தேசிய முன்னணி அல்ல, 2008-ல் நாம் வாக்களித்துக் கொண்டு வந்த மாற்றத்தின் வாரிசுகள்! பூர்வகுடிகளும் பொதுமக்களும் எதிர்த்து நின்றதால் செப்டம்பரில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். சதுப்பைக் காயவைத்துக் கொளுத்தினால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். 2005 ஆகஸ்டில் புகைமூட்டத்தால் போர்ட் கிள்ளானில் அவசரநிலை அறிவித்தார்கள்.

மூன்று, இனப் பூச்சாண்டி. கால்வாய்க்கும் கட்டட அனுமதிக்கும் பொறுப்பான ஊராட்சி மன்றத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. 1965-ல் நிறுத்திய ஊராட்சித் தேர்தலை 1976-ஆம் ஆண்டுச் சட்டம் புதைத்தே விட்டது. கிள்ளான் 2024-ல் அரச மாநகரானது. ஆனால் மன்ற உறுப்பினர் இன்னும் நியமனம்தான். தேர்தல் கேட்டால் என்ன பதில்? இனப் பிளவு வரும் என்று 2018-ல் பிரதமராக இருந்த மகாதீர் மறுத்தார். ரியோவில் நியாயம் பேசிய அதே மகாதீர்! சாக்கடையைத் தூர்வாரச் சொல்வதற்கும் இனத்துக்கும் என்ன சம்பந்தம்? கேள்வி கேட்பவனின் வாயை மூட இனம் வசதியான துணி, அவ்வளவுதான்.

நம் பக்கத்துக் குறை

பள்ளி, கோயில், வேலை, அடையாள அட்டை என்று நமக்கு ஆயிரம் பிரச்சினை, இந்த நேரத்தில் பருவநிலையா என்று நம் தலைவர்கள் கேட்கிறார்கள். வெள்ளம் முதலில் அடித்துச் செல்வது எதை? அந்தப் பள்ளிப் புத்தகத்தை, அந்தக் கோயில் மண்டபத்தை, அந்தக் கூலி வேலையை, அந்தப் பிறப்புப் பத்திரத்தைத்தான். பிறப்புப் பத்திரம் போனவன் குடியுரிமைக்கு எங்கே அலைவான்?

2013 ஏப்ரலில் ஹிண்ட்ராப்புக்கும் தேசிய முன்னணிக்கும் கையெழுத்தான ஒப்பந்தத்தில், தோட்டத்திலிருந்து பெயர்க்கப்பட்டவர்களின் மறுவாழ்வு ஓர் அம்சம். அடுத்த ஆண்டே துணையமைச்சர் பதவியிலிருந்து வேதமூர்த்தி விலகினார், ஒப்பந்தம் காகிதமானது. 2007 டிசம்பரில் இசா சட்டத்தில் பிடிபட்ட ஐவரில் ஒருவரான கணபதிராவ் 2022 பொதுத்தேர்தலில் கிள்ளான் நாடாளுமன்றத் தொகுதியை வென்றார். அன்று கோயிலுக்காக எழுந்த குரல் இன்று மதகுக்காகவும் எழ வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறா?

நாம் கேட்பது

1. வெள்ள நிவாரணம் கருணையாக அல்ல, இழப்பைக் கணக்கிட்டுத் தரும் சட்டபூர்வ இழப்பீடாக வேண்டும். அடையாள அட்டை நீலமா சிவப்பா என்று பார்க்கக்கூடாது.

2. ஒவ்வொரு மதகும் இறைப்பு நிலையமும் எந்த நிலையில் இருக்கிறது என்பதையும் வெள்ள அபாய வரைபடத்தையும் தமிழ் உட்பட எல்லா மொழிகளிலும் பொதுவில் வைக்க வேண்டும்.

3. தோட்டத்திலிருந்தும் புறம்போக்கிலிருந்தும் பெயர்க்கப்படும் குடும்பங்களுக்கு வெள்ளம் ஏறாத இடத்தில், வேலைக்கும் பள்ளிக்கும் அருகில், சொந்தப் பட்டாவோடு வீடு வேண்டும்.

4. இரும்பு, எஃகு, எரிசக்தித் துறைகளுக்கு 2026-க்குள் கரிம வரி என்று 2025 பட்ஜெட்டில் அன்வார் அறிவித்தார். அந்த வருமானம் பசுமை ஆய்வுக்கும் தொழில்நுட்பத்துக்கும் என்றார். அதில் ஒரு பங்கைத் தாழ்நிலத்து வடிகாலுக்குச் சட்டத்திலேயே ஒதுக்க வேண்டும்.

5. ஊராட்சித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இதில் ஒன்றுகூட இந்தியனுக்கு மட்டும் கேட்பதல்ல. புதுக்கிராமத்துச் சீனருக்கும் கம்போங் மலாய்க்காரருக்கும் கோல லங்காட் தெமுவானுக்கும் சேர்த்தே கேட்கிறோம். தெமுவான் மக்கள் விடாப்பிடியாக நின்று காட்டைத் திரும்ப வாங்கினார்கள். எண்ணிக்கையில் அவர்கள் நம்மைவிடச் சிறியவர்கள்.

அடுத்த மழைக்கு முன்னால் உங்கள் தாமானில் ஒரு கூட்டம் போடுங்கள். உங்கள் மதகு எங்கே இருக்கிறது, இறைப்பு இயந்திரம் ஓடுகிறதா, யார் பொறுப்பு என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் கூட்டமாகப் போய்க் கேளுங்கள். கேட்காதவனுக்கு ஆயிரம் வெள்ளிதான் மிச்சம்.

மக்கள் சக்தி!